முற்றிவரும் பார்கின்சன்: கோவைக்குக் கூட்டிப் போகும் முன் வீட்டில் எதையெல்லாம் குறித்து வைக்கணும்?

கோத்தகிரி_செவிலி

வணக்கம். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நோயாளி ஒருவருக்காகக் கேட்கிறேன். வயது 66, தேயிலை ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். பார்கின்சன் என்று கண்டுபிடித்து 9 வருடம். இப்போது பார்கின்சனுக்குப் போகும் மருந்து: சின்டோபா 110 (லெவோடோபா மாத்திரை) நாளைக்கு ஐந்து (காலை 6, 10, மதியம் 1, மாலை 5, இரவு 9), பிராமிபெக்சோல் 0.5 மி.கி. மூன்று வேளை, பாசிடேன் 2 மி.கி. இரண்டு வேளை. ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை ஒன்று, அது காலை 6 மணி மாத்திரையோடு சேர்த்து.

வீட்டார் சொல்வது: "மாத்திரை முன்ன மாதிரி கேட்கறதில்ல. ஒரு நேரம் நல்லா நடக்கிறார், ஒரு நேரம் கட்டை மாதிரி உட்கார்ந்துடறார், மத்தியானம் உடம்பு தானா ஆடுது." இந்த மாதம் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். ராத்திரியில் வாசலில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்கிறார்.

மூன்று வாரத்தில் கோவையில் நரம்பியல் டாக்டரைப் பார்க்க நாள் கிடைத்திருக்கிறது. போன தடவை டாக்டர் பார்த்த பத்து நிமிடமும் அவர் நன்றாக நடந்துவிட்டதால் பழைய சீட்டே தொடர்ந்தது. மூளையில் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா என்று மகன் கேட்கிறார். மாத்திரையைத் திருத்தினால் போதுமா, அடுத்த கட்ட சிகிச்சைக்கு நேரம் வந்துவிட்டதா என்று டாக்டர் முடிவு செய்ய, வீட்டில் இருந்தே என்னென்ன அளந்து கொடுக்கலாம்?

நரம்பியல்_டாக்டர்

சிஸ்டர், நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மூன்று வாரம் தாராளம்.

முதலில் எண்ணிக்கை. பார்கின்சன் முற்றிய கட்டத்துக்கு நகர்கிறதா என்று சந்தேகப்பட 5-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி ஒத்துக்கொண்டு 2018-இல் வெளியிட்டது. லெவோடோபா மாத்திரை நாளைக்கு 5 வேளையோ அதற்கு மேலோ. விழித்திருக்கும் நேரத்தில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ 'ஆஃப்', அதாவது மருந்து தீர்ந்து உடம்பு கட்டையாகும் நேரம் (மருந்து நன்றாகக் கேட்கும் நேரம் 'ஆன்'). உடம்பு தானாக ஆடும் தொந்தரவான ஆட்டம் 1 மணி நேரமோ அதற்கு மேலோ. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே ஆளை நிதானமாக உட்கார வைத்து மதிப்பிட வேண்டும். உங்கள் நோயாளிக்கு முதல் எண் ஏற்கெனவே பொருந்துகிறது. ஆனால் இது கதவைத் தட்டும் கணக்குதான். 5-2-1 இருக்கிறது, அதனால் ஆபரேஷன் என்று அர்த்தம் இல்லை.

மற்ற இரண்டு எண்களையும் வாய்மொழியாகக் கேட்டு வாங்க முடியாது. "எவ்வளவு நேரம் முடியாமப் போகுது?" என்று கேட்டால் "நாள் பூரா" என்பார்கள், இல்லை "கொஞ்ச நேரம்தான்" என்பார்கள். அரை மணித் தாள் போட்டால்தான் உண்மை தெரியும். ஒரு நோட்டுப் பக்கத்தில் காலை எழும் நேரம் முதல் தூங்கும் வரை அரை மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தில் ஒன்றுதான் எழுத வேண்டும்: தூக்கம், ஆஃப், ஆட்டம் இல்லாத ஆன், தொந்தரவில்லாத ஆட்டத்தோடு ஆன், தொந்தரவான ஆட்டத்தோடு ஆன். அந்த அரை மணியில் பெரும்பகுதி எப்படி இருந்தாரோ அது. பக்கத்தில் மாத்திரை விழுங்கிய நிமிடம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார். தொடர்ந்து மூன்று நாள் போதும். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய தாள் உதவாது, அந்தந்த நேரத்தில் போட வேண்டும்.

தாள் கொடுக்கும் முன் வீட்டாருக்கு அரை மணி நேரம் செலவழித்து ஒரு விஷயம் காட்டிக் கொடுங்கள்: நடுக்கம் வேறு, ஆட்டம் வேறு. நிறையக் குடும்பங்கள் இரண்டையும் "நடுக்கம்" என்றே எழுதி வைக்கின்றன, முழுத் தாளும் வீணாகிறது. நடுக்கம் தாளம் தப்பாமல் விநாடிக்கு நாலைந்து தடவை அடிக்கும். கை மடியில் சும்மா இருக்கும்போது கூடும், மருந்து இறங்கிய நேரத்தில் வரும். ஆட்டத்துக்குத் தாளம் கிடையாது. தலை, தோள், இடுப்பு எல்லாம் நெளிந்து நெளிந்து அசையும், பெரும்பாலும் மருந்து ஏறிய உச்சத்தில். நடுக்கத்தை ஆட்டம் என்று நினைத்து மருந்தைக் குறைத்தால் ஆள் கட்டையாகிவிடுவார். ஆட்டத்தை நடுக்கம் என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் ஆட்டம் இன்னும் பெருகும்.

இன்னொரு வகை ஆட்டமும் உண்டு, மருந்து ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை, பெரும்பாலும் கால்களில். அதற்கு மருந்தைக் குறைத்தால் மோசமாகும். அதனால்தான் ஆட்டம் மாத்திரை போட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது என்பது அவ்வளவு முக்கியம். காலையில் எழும்போது கால் விரல் உள்ளே மடங்கி வலித்தால் அது ஆஃப் நேரத்து இழுப்பு, தனியாக எழுதுங்கள்.

வீடியோ எடுங்கள். ஆஃபில் ஒன்று, ஆனில் ஒன்று, ஆட்டம் இருக்கும்போது ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அவர் அனுமதியோடு. தொடங்கும்போதே தேதி, மணி, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று வாயால் சொல்லிவிடுங்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பத்து தடவை அகலமாகத் தட்டுவது, குதிகாலால் தரையைப் பத்து தடவை தட்டுவது, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்து எழுவது, ஐந்து மீட்டர் நடந்து திரும்பி வருவது. பாதம் படத்துக்குள் இருக்க வேண்டும். சன்னலுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள், உருவம் கறுப்பாகத்தான் தெரியும்.

மாத்திரை அளவில் நீங்களோ வீட்டாரோ இப்போது கை வைக்க வேண்டாம்.

குன்னூர்_மருந்தாளுநர்

டாக்டர் சொன்ன தாளுக்கு முன்னால் ஒரு வேலை: மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். சீட்டில் இருப்பதும் வயிற்றுக்குள் போவதும் அனேகமாக ஒன்றாக இருக்காது.

உங்கள் பட்டியலிலேயே இரண்டு தெரிகிறது. இரும்புச்சத்து லெவோடோபாவைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது 2 மணி நேரம் வேண்டும். இரும்பை ராத்திரிக்கு, 9 மணி மாத்திரையில் இருந்தும் அதே 2 மணி நேரம் விலக்கி, தள்ள முடியுமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். அடுத்து, காலை 6 மணி மாத்திரையை எதோடு விழுங்குகிறார்? நம் ஊரில் எழுந்ததும் பால் டீயோடுதான் மாத்திரை போகும். பாலில் உள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டி போடும், குடலிலும் சரி, ரத்தத்தில் இருந்து மூளைக்குப் போகும் வழியிலும் சரி. முழு டம்ளர் தண்ணீரில் விழுங்கி அரை மணி கழித்து டீ. சாப்பாட்டுக்கும் அதே கணக்கு: அரை மணி முன், அல்லது ஒரு மணி பின். அவரைக்காய்க் குழம்பு, முட்டை, கறி எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில் வைத்துக்கொண்டால் பகல் மாத்திரை ஒழுங்காகக் கேட்கும். புரதத்தை நிறுத்தச் சொல்லவில்லை, எடை இறங்கிவிடும். நேரத்தை மாற்றினால் போதும்.

சின்டோபா 110 என்பதில் லெவோடோபா 100, கார்பிடோபா 10. நாளைக்கு ஐந்து என்றால் கார்பிடோபா வெறும் 50 மி.கி. லெவோடோபா வழியிலேயே செலவாகிவிடாமல் காக்க 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா தேவைப்படும். குறைந்தால் குமட்டல் வரும், மூளைக்குப் போய்ச் சேர்வதும் குறையும். 100-க்கு 25 என்ற அளவிலும் மாத்திரை இருக்கிறது, அது சின்டோபா பிளஸ். மாற்றுவதா வேண்டாமா என்பது டாக்டர் முடிவு. ஆனால் "110 ஐந்து வேளை" என்று அட்டையைப் பார்த்து எழுதிக் கொண்டு போங்கள். "சின்டோபா ஐந்து" என்று மட்டும் எழுதினால் எது என்று யாருக்கும் தெரியாது.

மலையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் என்று கீழே இறங்கும் முன் அவோமின், ஸ்டுஜெரான், பெரினார்ம் ஏதாவது ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே சாதாரணம். மூன்றுமே டோபமைனைத் தடுக்கும் குணம் உள்ளவை. பார்கின்சன் உள்ளவருக்கு ஆகாது. பெரினார்மும், வாந்திக்கே கொடுக்கும் ஸ்டெமெட்டிலும் ரொம்ப மோசம். ஸ்டுஜெரானைத் தினமும் போட்டால் பார்கின்சன் இல்லாதவருக்கே பார்கின்சன் மாதிரி விறைப்பு வரும். தலைசுற்றலுக்கு என்று யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

நாட்டு மருந்து கேட்க மறக்காதீர்கள். பூனைக்காலி விதைப் பொடியில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. பாலில் கலந்து குடித்துக்கொண்டு ஆட்டம் அதிகம் என்று வந்தால், சீட்டில் உள்ள மாத்திரையை வைத்துக் கணக்குப் போட்டு ஒன்றும் புரியாது.

ஊட்டி_பிசியோ

விழுந்ததைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. "இரண்டு தடவை விழுந்தார்" என்பது டாக்டருக்குப் போதாது. ஒவ்வொரு விழுகைக்கும் நாலு கேள்வி: எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தார், எந்தப் பக்கம் விழுந்தார், கடைசி மாத்திரை எப்போது. பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதும், கால் தரையில் ஒட்டிக்கொண்டு உடம்பு முன்னே போய் விழுவதும், எழுந்து நின்று கண் இருண்டு சரிவதும் மூன்று வேறு நோய் மாதிரி. மூன்றுக்கும் மருந்து வேறு.

கால் ஒட்டிக்கொள்வது ஆஃபிலா, ஆனிலா என்று பாருங்கள். ஆஃபில் மட்டும் என்றால் மருந்து நேரத்தைச் சரி செய்தால் குறையும். நன்றாக ஆன் ஆகியிருக்கும்போதும் வாசற்படியில் ஒட்டிக்கொண்டால் மாத்திரையைக் கூட்டி லாபம் இல்லை. பயிற்சி, தரையில் கோடு போட்டுத் தாண்டி நடப்பது, தாளம் சொல்லி நடப்பது என்று போக வேண்டும்.

அளவுக்கு எளிய சோதனை: கைப்பிடி உள்ள நாற்காலி, அதில் இருந்து 3 மீட்டரில் ஒரு கோடு. எழுந்து, நடந்து, திரும்பி, வந்து உட்கார எத்தனை விநாடி. ஆஃபில் ஒன்று, ஆனில் ஒன்று. பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். பின்னால் இருந்து தோளை இழுத்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள்.

மூன்று நாள் தாள் போதும் என்று டாக்டர் சொல்கிறார். மலையில் ஒரு திருத்தம் சொல்வேன். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் எடுத்த தாளும் ஏப்ரல் தாளும் ஒன்றாக இருக்காது. குளிரில் விறைப்பு கூடும், ஸ்வெட்டர், மப்ளர், இரண்டு சாக்ஸ் என்று உடுத்தவே நேரம் பிடிக்கும். அதை ஆஃப் என்று போட்டுவிடுவார்கள். அதனால் தாளின் ஓரத்தில் காலை எவ்வளவு குளிர், கணப்பு இருந்ததா என்று ஒரு சொல் எழுதுங்கள். வீட்டையும் ஒரு பார்வை பாருங்கள். நம் லைன் வீடுகளில் வாசலுக்கும் கழிப்பறைக்கும் இடையில் ஏழெட்டுப் படி, அதில் பாசி. அவர் விழுந்தது அங்கேயா என்று முதலில் கேளுங்கள்.

கொடை_நோய்த்தணிப்பு

நடை, நடுக்கம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். முற்றும்போது ஆளை வாட்டுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. சிகிச்சையை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்வதும் அவைதான்.

ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து எடுங்கள், எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது எழுந்தால் இறங்கும் அழுத்தம். காலை மாத்திரைக்கு முன் ஒருமுறை, மாத்திரை போட்டு ஒரு மணி கழித்து ஒருமுறை. பார்கின்சனும் இறக்கும், லெவோடோபாவும் பிராமிபெக்சோலும் இறக்கும். "தலைசுற்றுது" என்பவருக்கு உட்கார வைத்து மட்டும் எடுத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

வாசலில் குழந்தைகள். "உங்களுக்குப் பொய்த்தோற்றம் வருதா?" என்று யாரும் கேட்கக்கூடாது, இல்லை என்றே பதில் வரும். "இந்த மாத்திரை போடறவங்க சில பேருக்கு ஆட்கள், பூனை, நாய் தெரியறதுண்டு, உங்களுக்கு?" என்று கேளுங்கள். அடுத்த கேள்விதான் முக்கியம்: "அது நிஜம் இல்லைன்னு உங்களுக்கே தெரியுதா?" தெரிகிறது என்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. தெரியவில்லை, பயப்படுகிறார், குழந்தைகளுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்கிறார் என்றால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், முன்னதாகவே டாக்டரைக் கூப்பிடுங்கள். புதிதாக வந்தது என்றால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு மூன்றையும் பாருங்கள். குளிரில் தாகமே எடுக்காது, நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் இங்கே நிறைய. அதற்குப் பிறகு டாக்டர் மருந்துகளைக் குறைக்கும் வரிசையில் முதலில் நிற்பது அனேகமாகப் பாசிடேன், பிறகு பிராமிபெக்சோல் மாதிரியானவை, லெவோடோபா கடைசி. எதையும் சட்டென்று நிறுத்தக்கூடாது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். ராத்திரி சத்தம் போடுகிறார் என்று யாராவது ஹாலோபெரிடால் ஊசி போட வந்தால் பார்கின்சன் என்று சொல்லித் தடுங்கள்.

பிராமிபெக்சோல் போடுபவரிடம் கேட்க வேண்டிய ஒன்று கூச்சத்தில் விட்டுப்போகும். சீட்டாட்டம், லாட்டரி, தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது, இனிப்பை நிறுத்தாமல் தின்பது, மனைவியிடம் அளவு மீறிய வற்புறுத்தல். மாத்திரையின் விளைவு இது, குணக்கேடு இல்லை. மனைவியைத் தனியே உட்கார வைத்துத்தான் கேட்க முடியும். அப்படியே மனைவி எத்தனை மணி நேரம் தூங்குகிறார், ராத்திரி எத்தனை தடவை எழுந்து இவரைப் புரட்டிப் போடுகிறார் என்பதையும் எழுதுங்கள். பார்ப்பவர் படுத்துவிட்டால் எந்தச் சிகிச்சைத் திட்டமும் நிற்காது.

எடை மாதம் ஒருமுறை. சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரப்பது, ஒரு தட்டு சாதத்துக்கு முக்கால் மணி நேரம் ஆவது, இவை விழுங்கும் சிரமத்தின் அடையாளம். சாப்பாட்டை ஆன் நேரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து.

வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் செவிலியரும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு, பதிவு செய்யுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் பார்கின்சனும் ஒன்று. அடையாள அட்டை எடுக்கவில்லை என்றால் இந்தப் பயணத்தோடு சான்றிதழுக்கான காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கோத்தகிரி_செவிலி

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், தாள் ஆகிவிட்டது. மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி, நடு நாளைத் தருகிறேன். குளிர் அதிகமில்லாத நாள்.

6.00 எழுந்தார், இடது கால் விரல் மடங்கி வலி, மாத்திரை பால் டீயோடு. 6 முதல் 7 வரை ஆஃப். 7 முதல் 9 ஆன். 9 முதல் 11 ஆஃப் (9.30-க்கு இட்லி, சாம்பார், முட்டை, 10-க்கு மாத்திரை). 11 முதல் 12.30 ஆன். 12.30 முதல் 1.30 ஆஃப் (1.00 மாத்திரை, வெறும் வயிறு). 1.30 முதல் 2.30 தலையும் தோளும் ஆடுகிறது, சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்க முடியவில்லை. 2.30 முதல் 4 ஆன். 4 முதல் 6 ஆஃப் (5.00 மாத்திரை, டீயும் வடையும்). 6 முதல் 8 ஆன். 8 முதல் 9 ஆஃப்.

ரத்த அழுத்தம்: படுத்து 130/80, நின்று 3 நிமிடத்தில் 104/70. விழுந்தது இரண்டும் காலையில், எழுந்து கழிப்பறைக்குப் போகும் வழியில், கண் இருண்டு. குழந்தைகள் நிஜம் இல்லை என்று அவருக்கே தெரிகிறது. சிறுநீர்ப் பரிசோதனை சரியாக இருக்கிறது. மலம் நாலு நாளைக்கு ஒருமுறை.

டப்பாவைக் கவிழ்த்ததில் ஸ்டுஜெரான் அட்டை. தலைசுற்றலுக்கு என்று இரண்டு மாதமாக நாளைக்கு இரண்டு. சீட்டில் அது இல்லவே இல்லை.

நரம்பியல்_டாக்டர்

அருமையான தாள். கட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஆஃப் 14 கட்டம், அதாவது 7 மணி நேரம். தொந்தரவான ஆட்டம் 2 கட்டம், 1 மணி நேரம். மாத்திரை 5 வேளை. 5-2-1 மூன்றுமே பொருந்துகிறது. இருந்தும் இவருக்கு இன்றைக்கு ஆபரேஷன் பேச்சை எடுக்கும் நேரம் இல்லை என்பேன். காரணம் தாளிலேயே இருக்கிறது.

மாத்திரை போட்ட மணியையும் ஆன் முடிந்த மணியையும் வரிசையாகப் பாருங்கள்: 6-க்குப் போட்டது 9-இல் தீர்கிறது, 10-க்குப் போட்டது 12.30-இல், 1-க்குப் போட்டது 4-இல், 5-க்குப் போட்டது 8-இல். ஒரு மாத்திரையின் ஆயுள் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இடைவெளி வைத்திருப்பது பெரும்பாலும் நாலு மணி. தீர்ந்த பிறகு ஒரு மணி நேரம் வெறுமையாக இருக்கிறது, அடுத்தது ஏற இன்னொரு மணி நேரம். ஏறத் தாமதமாவது பால் டீயோடு போட்ட 6 மணிக்கும், முட்டைக்குப் பின் போட்ட 10 மணிக்கும், வடையோடு போட்ட 5 மணிக்கும்தான். வெறும் வயிற்றில் போட்ட 1 மணி மாத்திரை அரை மணியில் ஏறுகிறது, வேகமாக ஏறுவதால் உச்சத்தில் ஆட்டம். மருந்து கேட்காமல் போகவில்லை. நன்றாகவே கேட்கிறது, வந்து சேரும் நேரம்தான் தப்பு.

மொத்த அளவையும் பாருங்கள். லெவோடோபா 500, பிராமிபெக்சோல் 1.5 மி.கி.யை லெவோடோபா கணக்கில் மாற்றினால் 150. ஆக 650. ஒன்பது வருட நோய்க்கு இது கூடுதல் இல்லை. வாய்வழி மருந்திலேயே செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது: இடைவெளியைச் சுருக்குவது, கார்பிடோபாவைக் கூட்டுவது, என்டகபோன் சேர்த்து ஆயுளை நீட்டுவது, காலை இழுப்புக்கு ராத்திரியில் மெதுவாகக் கரையும் மாத்திரை. எதைத் தேர்வது என்பதை உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். பொய்த்தோற்றம் இருப்பதால் பிராமிபெக்சோலைக் கூட்ட மாட்டார், பாசிடேனை மெல்லக் கழிக்கப் பார்ப்பார்.

ஸ்டுஜெரான்தான் பெரிய கண்டுபிடிப்பு. அவருக்குத் தலை சுற்றியது எழுந்தால் அழுத்தம் 26 இறங்குவதால். அதற்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, மாறாக விறைப்பையும் மந்தத்தையும் ஏற்றியிருக்கும். உங்கள் பி.எச்.சி. டாக்டரிடம் சொல்லி உடனே நிறுத்தச் செய்யுங்கள். அதன் விளைவு கழிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரை எடுத்த எந்த மதிப்பீட்டையும் இறுதி என்று வைக்கக் கூடாது. சாப்பாட்டையும் மாத்திரையையும் பிரித்து, மருந்தைத் திருத்தி, ஸ்டுஜெரான் உடம்பை விட்டுப் போன பிறகு இன்னொரு மூன்று நாள் தாள். அப்போதும் ஆஃப் இரண்டு மணிக்கு மேல் நின்றால் அடுத்த கட்டத்தைத் தாராளமாகப் பேசலாம்.

மகனுக்குச் சொல்ல: மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரத்தால் தூண்டும் ஆழ்மூளைத் தூண்டல் ஆபரேஷன் பார்கின்சனை நிறுத்தாது. மாத்திரை நன்றாகக் கேட்கும் நேரத்தில் எது சரியாகிறதோ அதுதான் ஆபரேஷனிலும் சரியாகும், நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. ஆன் நேரத்திலும் தள்ளாடுகிறவருக்குத் தள்ளாட்டம் போகாது. தகுதி பார்க்க ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க, சுமார் 12 மணி நேரம் மருந்தில்லாமல் வைத்து, காலையில் ஒரு பெரிய வேளை லெவோடோபா கொடுத்து, உடல் அசைவு மதிப்பெண் மூன்றில் ஒரு பங்காவது தேறுகிறதா என்று பார்ப்பார்கள். நினைவாற்றல், மனநிலை, எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்ப்பார்கள். மறதி நோயோ அடங்காத பொய்த்தோற்றமோ இருந்தால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். ஆபரேஷன் முடிந்ததும் வேலை முடியாது, மின் அளவைச் சரி செய்ய முதல் சில மாதங்களில் பல தடவை போய் வர வேண்டும், பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும். மலையில் இருந்து அத்தனை தடவை யார் கூட்டிப் போவது என்று இப்போதே பேசுவது நல்லது. அபோமார்ஃபின் பம்பு இன்னொரு வழி, தோலுக்கடியில் பகல் முழுக்க மருந்து போகும். ஊசி மாற்ற, தோலில் கட்டி வராமல் பார்க்க வீட்டில் ஒருவர் பழக வேண்டும். எழுந்தால் அழுத்தம் இறங்குகிறவருக்கும் பொய்த்தோற்றம் உள்ளவருக்கும் மிகவும் யோசித்துத்தான்.

கடைசியாக ஒரு கேள்வி. அவரிடம் கேட்டீர்களா, எது சரியானால் போதும் என்று? வீட்டாருக்கு ஆட்டம் பார்க்கச் சகிக்காது. ஆடுகிற நோயாளியோ பல நேரம் அதைப் பொருட்படுத்துவதில்லை, ஆஃப்தான் அவருக்கு நரகம். இரண்டு பேர் கோரிக்கையும் எதிரெதிர் திசையில் மருந்தை இழுக்கும்.

குன்னூர்_மருந்தாளுநர்

பயண நாளுக்கு நாலு வரி. கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ., முழுக்க வளைவு. 6 மணி மாத்திரையைத் தண்ணீரில் போட்டு, அரை மணி கழித்து இரண்டு இட்லி மட்டும், முன் சீட்டில் உட்கார வையுங்கள். வாந்திக்கு டோம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, இதயத் துடிப்பில் கோளாறு இல்லை என்று இ.சி.ஜி. பார்த்த டாக்டர் சரி என்றால் மட்டும். 10 மணி மாத்திரையைக் கையில் வைத்திருங்கள், டிக்கியில் பைக்குள் வேண்டாம். மேட்டுப்பாளையம் இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றித் தண்ணீர் கொடுங்கள். மலையில் 104 காட்டிய அழுத்தம் கீழே வெயிலில் இன்னும் இறங்கலாம், காரை விட்டு எழுந்ததும் ஒரு நிமிடம் பிடித்து நிறுத்திவிட்டு நடக்க விடுங்கள். டாக்டர் அறைக்குள் போன உடனே சொல்ல வேண்டியது கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பது.

திரும்பும்போது ஒரு மாத மருந்துக்கு மேல் இரண்டு வாரம் கூடுதலாக வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் லெவோடோபா இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

கோத்தகிரி_செவிலி

ஸ்டுஜெரான் நேற்றே நிறுத்தியாயிற்று. இரும்பு மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவரிடமும் கேட்டேன். மனைவி "அந்த ஆட்டம் நிக்கணும்" என்றார். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "காலைல யாரையும் எழுப்பாம பாத்ரூம் போய் வரணும்" என்றார்.

நரம்பியல்_டாக்டர்

அந்த வரியை அவர் சொன்ன சொல்லிலேயே தாளின் உச்சியில் எழுதுங்கள், 5-2-1 எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். மனைவி சொன்னதும் இரண்டாவது வரியாக இருக்கட்டும். காலை 6 மணி வீடியோ இன்னும் எடுக்கவில்லை என்றால் நாளைக்கே எடுங்கள், மடங்கிய கால் விரல் தெரியும்படி, மாத்திரை போடும் முன்.